ஆய்வுக்கு எந்த வயல்? நீடித்த வேளாண்மையில் கால் வைப்பவர் முன் நான்கு வழிகள்

முதுகலை முடித்து முனைவர் பட்டத்துக்குச் சேரப் போகிறவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: "நீடித்த வேளாண்மையில் வேலை செய்ய ஆசை. எங்கே சேரலாம்?" ஏதாவது ஒரு பல்கலைக்கழகத்தின் பெயரைச் சொல்வேன் என்று எதிர்பார்ப்பார்கள். நானோ வயலைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுவேன். ஆராய்ச்சிப் பண்ணையில் பல பத்தாண்டுகளாக நடந்துவரும் பாத்திகளா, உழவரின் சொந்த வயலா, புதிய ரகம் உருவாக்கும் கூடமா, கணினித் திரையா? உங்கள் பகல் பொழுது இவற்றில் எதன் முன் கழிகிறதோ, அதைப் பொறுத்தே உங்கள் ஆய்வு எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்பது அமையும். நிறுவனத்தின் பெயர் அதற்குப் பிறகுதான்.

ஒரு சின்னக் கணக்கிலிருந்து தொடங்குகிறேன். ஒரு ஹெக்டேரின் மேல் 20 செ.மீ. மண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். பரும அடர்த்தி, அதாவது ஒரு கன செ.மீ. மண்ணின் எடை, 1.3 கிராம் என்றால் மொத்த எடை 2,600 டன். அதில் கரிமம் 1 விழுக்காடு இருந்தால் 26 டன். பசுந்தாள் உரத்தை மடக்கி உழுது, தாளை எரிக்காமல் விட்டு, ஆண்டுக்கு 0.3 டன் கரிமத்தைச் சேர்க்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். அது நல்ல வேகம்தான். மூன்று ஆண்டில் 0.9 டன், அதாவது ஏற்கெனவே இருந்ததில் ஏறத்தாழ மூன்றரை விழுக்காடு. ஆனால் அதே வயலில் பத்தடி தள்ளி இன்னொரு குழி தோண்டினால், கரிம அளவு பத்து விழுக்காடு கூடவோ குறையவோ இருப்பது சாதாரணம். குழிக்குக் குழி இருக்கும் அந்த வேறுபாட்டுக்குள் உங்கள் மூன்று ஆண்டு உழைப்பு மறைந்துபோகும். என் சொந்த ஆய்வேட்டில் இதுதான் நடந்தது. மண் மேம்பட்டிருந்தது, கையில் எடுத்து உதிர்த்தாலே தெரிந்தது. ஆனால் அட்டவணையில் "வேறுபாடு பொருட்படுத்தத் தக்கதல்ல" என்றுதான் எழுத முடிந்தது. கேள்விக்கு வேண்டிய காலமும் என்னிடம் இருந்த காலமும் பொருந்தவில்லை. இதை யாராவது தொடக்கத்திலேயே எனக்குச் சொல்லியிருக்கலாம் என்ற எண்ணத்தில்தான் இதை எழுதுகிறேன்.

முதல் வழி நெடுங்காலப் பாத்திகள். இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட்டில் ஜான் பென்னட் லாஸ், ஜோசப் ஹென்றி கில்பர்ட் இருவரும் 1843 இலையுதிர் காலத்தில் பிராட்பாக் வயலில் கோதுமை விதைத்தார்கள். தொழு உரம் போட்ட பட்டை, ரசாயன உரம் போட்ட பட்டை, எதுவுமே போடாத பட்டை என்று பிரித்தார்கள். அந்தப் பரிசோதனை இன்றும் நடக்கிறது. எதுவும் போடாத பட்டை இத்தனை தலைமுறை கடந்தும் ஹெக்டேருக்கு ஏறத்தாழ ஒரு டன் தானியம் கொடுத்துக்கொண்டிருக்கிறது. அமெரிக்காவில் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தின் மாரோ பாத்திகள் 1876-ல் தொடங்கியவை. அவற்றின்மேல் நிழல் விழக் கூடாது என்பதற்காகப் பக்கத்தில் வந்த நூலகத்தை நிலத்துக்கடியில் கட்டினார்கள். 1969-ல் அது திறக்கப்பட்டது. ஒரு மக்காச்சோளப் பாத்தியின் வெயிலுக்குப் பல்கலைக்கழகம் கொடுத்த அந்த மரியாதையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைகிறது.

இந்தப் பாத்திகளின் பெரிய சொத்து விளைச்சல் கணக்கல்ல, சேமித்து வைத்த மாதிரிகள்தான். ரோதம்ஸ்டெட் களஞ்சியத்தில் மண், தானியம், வைக்கோல் என்று மூன்று லட்சத்துக்கும் மேலான மாதிரிகள் இருக்கின்றன. 2005-ல் வெளிவந்த ஓர் ஆய்வு, அங்கே 1843 முதல் சேர்ந்த கோதுமை மாதிரிகளிலிருந்து மரபுப்பொருளை (டி.என்.ஏ.) பிரித்தெடுத்தது. இலையைத் தாக்கும் இரண்டு பூஞ்சைகளில் எந்தக் காலத்தில் எது ஓங்கியிருந்தது என்று பார்த்தார்கள். அந்த ஏற்ற இறக்கம், காற்றில் கலந்த கந்தக டை ஆக்சைடின் ஏற்ற இறக்கத்தோடு ஒத்துப்போனது. நிலக்கரிப் புகைக்கும் கோதுமை இலை நோய்க்கும் தொடர்பு! அந்த வைக்கோலைக் கட்டி வைத்த நாளில் மரபுப்பொருள் என்பதன் கட்டமைப்பே யாருக்கும் தெரியாது. யாரோ ஒருவர் ஒழுங்காகப் பெயர்ச்சீட்டு ஒட்டி வைத்தார், 160 ஆண்டு கழித்து இன்னொருவர் கேள்வி கேட்டார்.

நீடித்த வேளாண்மைக்கு நேரடியாக உதவும் சான்றுகளும் இந்த வழியில்தான் அழுத்தமாக வந்திருக்கின்றன. சுவிட்சர்லாந்தில் 1978-ல் தொடங்கிய டாக் பரிசோதனையின் 21 ஆண்டு முடிவுகள் 2002-ல் வெளிவந்தன. இயற்கை முறையில் விளைச்சல் 20 விழுக்காடு குறைவு. ஆனால் உரமும் ஆற்றலும் 34 முதல் 53 விழுக்காடும், பூச்சிக்கொல்லி 97 விழுக்காடும் மிச்சம். இரு தரப்பாரும் இந்த எண்களில் பாதியை மட்டும் மேற்கோள் காட்டுவது எனக்கு வருத்தம் தரும். அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தின் மார்ஸ்டன் பண்ணையில் 2000-களின் தொடக்கத்திலிருந்து மக்காச்சோளம், சோயா என்ற ஈராண்டுச் சுழற்சியை, ஓட்ஸ் போன்ற தானியமும் குதிரைமசாலும் சேர்ந்த நீண்ட சுழற்சியோடு ஒப்பிட்டு வருகிறார்கள். நீண்ட சுழற்சியில் தழைச்சத்து உரமும் களைக்கொல்லியும் வெகுவாகக் குறைந்தன, லாபம் குறையவில்லை. இப்படி ஒரு முடிவை இரண்டு பருவத்தில் யாராலும் சொல்ல முடியாது. சுழற்சி ஒரு சுற்று வரவே நான்கு ஆண்டு வேண்டும்.

குறை இல்லாமல் இல்லை. பிராட்பாக் போன்ற பழைய பரிசோதனைகளில் பட்டைகள் குலுக்கல் முறையில் அமைக்கப்பட்டவை அல்ல. அந்தத் தரவுகளை அலச 1919-ல் வந்த ரொனால்ட் ஃபிஷர்தான், வேளாண் சோதனைகளைச் சமவாய்ப்பாக அமைக்க வேண்டும் என்பதற்கே பிற்பாடு இலக்கணம் வகுத்தார். பண்ணை மண் ஒரே இடத்து மண், அதற்குக் கிடைத்த விடை அந்த மண்ணுக்கான விடை. இன்னொன்றையும் கணக்கில் எடுங்கள்: அங்கே நீங்கள் கேள்வியை உருவாக்குபவரல்ல, வாரிசாக வருபவர். உரம் போடும் நாளை மாற்றிப் பார்க்கலாமா என்று கேட்டால் "கூடாது" என்பதுதான் பதில், அதுவே சரியான பதிலும்கூட.

இரண்டாவது வழி உழவர் வயல். இதைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே பேசுவேன், ஏனென்றால் என் ஆய்வு வாழ்க்கையின் பெரும்பகுதி இங்கேதான் போனது.

நெல்லுக்குக் காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் விடும் முறையை எடுத்துக்கொள்வோம். சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் பரவலாக்கிய இம்முறையில், 30 செ.மீ. நீளக் குழாயில் துளைகள் போட்டுப் பாதியளவு மண்ணுக்குள் இறக்கி, உள்ளே இருக்கும் மண்ணைச் சுரண்டி எடுத்துவிடுவார்கள். குழாய்க்குள் நீர்மட்டம் வயல் மட்டத்துக்குக் கீழே 15 செ.மீ. இறங்கியதும் மறுபடி தண்ணீர் விட்டால் போதும். பூக்கும் காலத்தில் மட்டும் காயவிடக் கூடாது. பாசன நீரில் 30 விழுக்காடு வரை மிச்சமாகும், வயலிலிருந்து வெளியேறும் மீத்தேனும் குறையும். பண்ணையில் இது கச்சிதமாக வேலை செய்யும்.

உழவர் வயலில் குழாயைப் பதித்த முதல் பருவத்தில் ஒரு பெரியவர் தினமும் காலையில் ஒரு குச்சியை உள்ளே விட்டு, ஈரம் ஏறிய இடத்தை விரல் நகத்தால் கீறி வைத்துக்கொள்வார். நான் கொடுத்த அளவுகோல் வரப்பில் கிடந்தது. குச்சிக்கணக்கு பிசகாமல் இருந்தது. ஆனால் நீர் 15 செ.மீ. இறங்கிய அன்று வாய்க்கால் தண்ணீரில் அவருடைய முறை வரவில்லை. முறை வந்த அன்று வயலில் தண்ணீர் நின்றுகொண்டிருந்தது. "இன்னைக்கு விட்டா அடுத்த தண்ணி எப்ப வருமோ, நீங்க சொல்லுங்க சார்" என்று மடையைத் திறந்துவிட்டார். தவறென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பயிரியல் கேள்வி என்று நினைத்து வந்தேன், அது வாய்க்கால் பங்கீட்டுக் கேள்வி என்று அன்றைக்குத்தான் புரிந்தது. பண்ணைக்குள் நூறு ஆண்டு இருந்தாலும் இது தெரியவந்திருக்காது, ஏனென்றால் பண்ணையில் மோட்டார் பொத்தான் நம் கையில்.

இன்னொரு அனுபவம். மேலுரம் போடாத ஒரு பட்டையை ஒப்பீட்டுக்காக விடச் சொல்லியிருந்தேன். பட்டை மஞ்சளிக்கத் தொடங்கியது. ஒரு நாள் போய்ப் பார்த்தால் பச்சை திரும்பியிருக்கிறது. இலை வண்ண அட்டையை வைத்துப் பார்த்தேன், பக்கத்துப் பட்டையின் நிறத்துக்கு வந்துவிட்டது. கேட்டதும் வயலுக்குச் சொந்தக்கார அம்மா மறைக்கவில்லை. "பயிரு கண்ணு முன்னாடி வாடுறதைப் பாத்துக்கிட்டு எப்படி சார் சும்மா இருக்குறது?" ரெண்டு கை யூரியாவை வீசியிருக்கிறார். அந்த வயலின் தரவு போயிற்று. அடுத்த பருவத்திலிருந்து வெறும் பட்டை விடச் சொல்வதை நிறுத்தினேன். உழவர் வழக்கமாகச் செய்வது ஒரு பட்டை, புதிய முறை ஒரு பட்டை, இரண்டும் அருகருகே. ஒரே வயலில் அதே சோதனையை நான்கு தடவை அடுக்குவதற்குப் பதிலாக இருபது வயல்களில் ஒவ்வொரு சோடி. மண்ணும் நீரும் ஆளும் மாறும் இடத்தில், அந்த மாற்றங்களையெல்லாம் தாண்டி நிற்கும் வேறுபாடுதான் எனக்கு நம்பிக்கை தருகிறது.

இந்த வழி எவ்வளவு தூரம் போகும் என்பதற்குச் சீனா நல்ல எடுத்துக்காட்டு. சீன வேளாண் பல்கலைக்கழகத்தின் ஜாங் ஃபூசுவோ குழு 2009-ல் சூஜோ மாவட்டத்தில் முதுகலை மாணவர்களைக் கிராமத்திலேயே தங்க வைத்து ஆய்வு செய்யும் திட்டத்தைத் தொடங்கியது. அதே காலகட்டத்தில், 2005 முதல் 2015 வரை நாடு முழுவதும் நடந்த பெருமுயற்சியில் 2.09 கோடி உழவர்கள் 3.77 கோடி ஹெக்டேரில் பங்கேற்றார்கள். நெல், கோதுமை, மக்காச்சோளம் மூன்றிலும் சராசரி விளைச்சல் ஏறத்தாழ 11 விழுக்காடு கூடியது, தழைச்சத்து உரம் 15 முதல் 18 விழுக்காடு வரை குறைந்தது. உரத்தைக் குறைத்தால் விளைச்சலும் குறையும் என்று பயப்படும் ஒவ்வொருவரிடமும் நான் இந்த எண்களைத்தான் காட்டுகிறேன்.

இந்தோனேசியாவின் கதையும் வயலோரக் கவனிப்பிலிருந்து வந்ததுதான். நெல்லைப் புகையான் என்ற பூச்சி சூறையாடியபோது மருந்தடிப்பதுதான் தீர்வு என்று எல்லாரும் நினைத்தார்கள். பீட்டர் கென்மோர் உள்ளிட்ட ஆய்வாளர்கள் தூர் தூராகப் பூச்சிகளை எண்ணிப் பார்த்தார்கள். மருந்து சிலந்திகளையும் பிற இரைவிழுங்கிகளையும் முதலில் கொல்கிறது, புகையான் அதற்குப் பிறகு தடையில்லாமல் பெருகுகிறது என்று தெரிந்தது. 1986-ல் அந்நாடு நெல்லுக்கு 57 பூச்சிக்கொல்லிகளைத் தடை செய்தது. 1989-ல் உழவர் வயல்வெளிப் பள்ளிகள் தொடங்கின. அங்கே பாடம் நடத்தப்படவில்லை, வயலில் இறங்கி எண்ணுவதே பாடம்.

உழவர் வயல் வழியின் பலவீனத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். திருந்திய நெல் சாகுபடி மடகாஸ்கரில் ஹென்றி டி லௌலானியே என்ற பாதிரியாரின் வயலில் 1980-களில் உருவாகி, கார்னெல் பல்கலைக்கழகத்தின் நார்மன் அப்ஹாஃப் வழியாக உலகெங்கும் பரவியது. 2006-ல் அதே கார்னெலைச் சேர்ந்த வேறு ஆய்வாளர்கள் தரவுகளைத் தொகுத்துப் பார்த்து, மடகாஸ்கருக்கு வெளியே அது சிறந்த வழக்கமான மேலாண்மையை விஞ்சவில்லை என்றார்கள். சர்ச்சை பல ஆண்டு நீண்டது. இளநாற்று, ஒற்றை நாற்று, அதிக இடைவெளி, கோனோவீடர் என்ற களையெடுக்கும் கருவி, குறைந்த நீர், தொழு உரம் எல்லாம் ஒன்றாக மாறும்போது எது எவ்வளவு பங்களித்தது என்று பிரிப்பது கடினம். எதோடு ஒப்பிடுகிறோம் என்பதும் இடத்துக்கு இடம் மாறியது. உழவர் வயலுக்குப் போகிறவர் ஒப்பீட்டுப் பட்டையை முதல் நாளே தீர்மானித்து எழுதி வைக்காவிட்டால், உற்சாகம் மட்டும்தான் மிஞ்சும். கட்டுரை வெளியாகவும் இங்கே அதிக நாள் பிடிக்கும்.

மூன்றாவது, புதிய ரகம் உருவாக்குவது. ஒடிசாவின் எஃப்.ஆர்.13ஏ என்ற நாட்டு நெல் வெள்ளத்தில் மூழ்கியும் பிழைக்கும். அதன் காரணமான மரபுப் பகுதியை 1996-ல் வரைபடத்தில் அடையாளம் கண்டார்கள், 2006-ல் மரபணுவையே பிரித்தறிந்தார்கள், ஸ்வர்ணா-சப்1 ரகம் 2009-ல் இந்தியாவில் வெளியிடப்பட்டது. சுமார் இரண்டு வாரம் மூழ்கினாலும் தாக்குப்பிடிக்கும் நெல். யுன்னான் பல்கலைக்கழகத்தின் ஹூ ஃபெங்யி குழு ஆப்பிரிக்கக் காட்டு நெல்லைச் சேர்த்து உருவாக்கிய பல்லாண்டு நெல் பி.ஆர்.23, 2018-ல் வெளியானது. ஒரு தடவை நட்டு நான்கு ஆண்டில் எட்டு அறுவடை. ஆண்டுதோறும் உழாமல் இருப்பது மண்ணுக்கு எவ்வளவு பெரிய ஓய்வு! இந்த வழியின் அழகு, பலன் விதைக்குள்ளேயே இருப்பதுதான். உழவர் புதிதாக எதையும் கற்க வேண்டியதில்லை. ஆனால் முதல் கலப்பிலிருந்து வயல் வரை இருபது ஆண்டுகூட ஆகலாம். உங்கள் பங்கு அதில் ஒரு கண்ணி. குழுவிடம் ஏற்கெனவே குணம் மாறாமல் நிலைப்பட்ட சந்ததிகள் கையில் இருக்கின்றனவா என்று பார்த்துச் சேருங்கள். முதல் கலப்பையே நீங்கள்தான் செய்ய வேண்டும் என்றால், முனைவர் பட்ட காலம் அதற்குப் போதாது.

நான்காவது, கணினி. பயிர் வளர்ச்சியைக் கணக்கிட்டுக் காட்டும் கணினி மாதிரிகளும் செயற்கைக்கோள் படங்களும். சென்டினல்-2 படங்கள் 10 மீட்டர் நுணுக்கத்தில் யாருக்கும் இலவசம். மடிக்கணினி இருந்தால் நாளைக்கே தொடங்கலாம், மழைக்காகக் காத்திருக்க வேண்டாம். 2015-ல் கோதுமைக்கான 30 கணினி மாதிரிகளை ஒன்றாக ஓட்டிய ஆய்வு, வெப்பம் ஒவ்வொரு டிகிரி செல்சியஸ் கூடும்போதும் உலகக் கோதுமை விளைச்சல் 6 விழுக்காடு குறையும் என்று கணித்தது. வேறெந்த வழியிலும் கேட்க முடியாத கேள்வி அது. ஆனால் தனித்தனி மாதிரிகள் ஒன்றுக்கொன்று வெகுவாக முரண்பட்டன, எல்லாவற்றின் நடு மதிப்புதான் நம்பத் தகுந்ததாக இருந்தது. அதைச் சரிபார்க்கவும் யாரோ வயலில் வியர்வை சிந்தி எடுத்த அளவுதான் வேண்டியிருந்தது.

சரி, எதைத் தேர்வது? மூன்று அல்லது நான்கு ஆண்டுதான் கையில் இருக்கிறது என்றால், உழவர் வயலை முதன்மையாக வையுங்கள் என்பேன். நீர், தழைச்சத்து, பூச்சி, களை ஆகியவற்றைப் பற்றிய கேள்விகளுக்கு இரண்டு மூன்று பருவத்தில் நேர்மையான விடை கிடைக்கும். மண் கரிமம், மண் உயிரினம் பற்றித்தான் கேட்பேன் என்றால், புதிதாகப் பாத்தி போடாதீர்கள். ஏற்கெனவே பதினைந்து இருபது ஆண்டு ஓடிய பரிசோதனையைத் தேடிப்போய் அதன் பழைய மாதிரிகளோடு வேலை செய்யுங்கள். இரண்டையும் ஓர் ஆய்வேட்டில் இணைக்க முடிந்தால், பண்ணையின் பழைய மண்ணிலிருந்து ஓர் அத்தியாயம், உழவர் வயல்களிலிருந்து இரண்டு அத்தியாயம் என்ற அமைப்பு நன்றாக நிற்கிறது. என் மாணவர்களில் நிம்மதியாக முடித்தவர்கள் பெரும்பாலும் இப்படிச் செய்தவர்கள்தான்.

நிரந்தரப் பணியில் சேரப்போகிறவருக்கு என் பதில் வேறு. இருபத்தைந்து ஆண்டு ஒரே இடத்தில் இருக்கும் வாய்ப்பு கிடைத்தால், முதல் ஆண்டிலேயே சிறிய அளவிலாவது ஒரு நெடுங்காலப் பாத்தியைத் தொடங்குங்கள். முதல் பத்து ஆண்டு கட்டுரை எதுவும் வராது. அந்த ஆண்டுகளில் உங்களைத் தாங்க உழவர் வயல் ஆய்வு இருக்கட்டும். கணினி வழியை முதல் வழியாக எடுப்பதை நான் ஆதரிப்பதில்லை. இரண்டு பருவமாவது சேற்றில் நின்று, பயிர் அறுவடைச் சதுரத்தில் கதிரை அறுத்துத் தூற்றி எடை போட்டவர் ஓட்டும் மாதிரிக்கும், போடாதவர் ஓட்டும் மாதிரிக்கும் உள்ள வேறுபாட்டை நான் பலமுறை பார்த்துவிட்டேன். எண் அபத்தமாக வரும்போது முதலாமவருக்கு உடனே உறுத்தும்.

வழிகாட்டியைச் சந்திக்கப் போகும்போது சில கேள்விகளை எடுத்துப் போங்கள். உழவர் வயல் என்றால்: சோதனையால் விளைச்சல் குறைந்தால் இழப்பீடு யார் கொடுப்பது, அதற்குத் திட்டத்தில் பணம் ஒதுக்கியிருக்கிறதா? முடிவுகளை முதலில் அந்த உழவர்களிடம் சொல்லும் வழக்கம் உண்டா? பண்ணை என்றால்: பாத்தியின் பழைய பதிவேடுகளைப் பார்க்கலாமா, எந்த ஆண்டில் எந்த நடைமுறை மாறியது என்று எழுதியிருக்கிறார்களா? எந்த வழியானாலும் கடைசியாக ஒன்று கேளுங்கள்: ஆய்வு முடிந்தபின் மண் மாதிரிகள் எங்கே போகும்? அலமாரியைத் திறந்து காட்டினால், பின்வரிசையில் இருக்கும் பழைய புட்டி ஒன்றை எடுத்து, அதன் சீட்டில் வயல் எண்ணும் ஆழமும் தேதியும் படிக்கிற மாதிரி இருக்கின்றனவா என்று பாருங்கள்.